வேலையின்மை போகும் வழி: சென்னையில் ஐந்து நாட்கள்

முதல் நாள், திங்கள்: எழும்பூர், பாடி

காலை ரயிலில் எழும்பூரில் இறங்கினேன். 1999 முதல் 2009 பிப்ரவரி வரை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு சிறிய லேத் பட்டறையில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதியவன் நான். வேலை போன பிறகு திருநெல்வேலியோடு இருந்துவிட்டேன். அதன் பின் சென்னைக்கு வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் துட்டிக்கும்தான். இந்த முறை அப்படி எந்தக் காரணமும் இல்லை. தொழில் படுத்துப்போகும் காலத்தில் வேலையின்மை எங்கே தொடங்கி, எந்த வழியாகப் போய், எங்கே முடிகிறது என்பதை, நானே ஒரு காலத்தில் நடந்து வந்த பாதையில் மறுபடியும் நடந்து பார்க்க வேண்டும் என்று ஐந்து நாள் ஒதுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இந்த எண்ணத்தைக் கிளப்பியவன் என் அக்கா மகன். அமெரிக்க வரைபடம் ஒன்றைச் சென்ற மாதம் கைப்பேசியில் காட்டினான். அந்த நாட்டில் மாவட்டம் போன்ற கவுண்டிகள் மூவாயிரத்துக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றிலும் வேலையில்லாதோர் விகிதம் மாதம்தோறும் எப்படி மாறியது என்பதை நிறத்தால் காட்டுகிற படம் அது. 2007 டிசம்பரில் நாடு முழுவதற்கும் 5 சதவீதம் என்று வெளிறிக் கிடந்த படம், மழைக்காலத்துச் சுவரில் ஓதம் ஏறுவதைப் போல ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து, 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொடும்போது பெரும்பகுதி இருண்டுவிடுகிறது. கார் தொழிலை நம்பிய மிச்சிகன் மாநிலத்தில் விகிதம் 14 சதவீதத்தைத் தாண்டியது. வயலும் எண்ணெய்க் கிணறும் உள்ள வடக்கு டகோட்டாவிலோ 4 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டது. இன்னொன்றும் கவனித்தேன். அங்கே மந்தநிலை 2009 ஜூனிலேயே முடிந்துவிட்டதாகப் பொருளாதார வல்லுநர்கள் பின்னர் கணித்தார்கள். ஆனால் வேலையின்மை உச்சத்துக்கு வந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு எழுந்திருக்காத கதைதான்.

“நம்ம ஊருக்கு இப்படி ஒரு படம் இல்லையா மாமா?” என்று அவன் கேட்டான். இருந்தாலும் அது இப்படிக் கறுக்காது என்று சொன்னேன். ஏன் என்று அவன் கேட்டதற்கு உடனே விளக்க வரவில்லை. அந்த விளக்கத்தைத் தேடித்தான் இந்தப் பயணம்.

தங்குவது பாடியில், மைத்துனர் வீட்டில். இன்று வேறு வேலை ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள், செவ்வாய்: அம்பத்தூர் தொழிற்பேட்டை

பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கி நடந்தேன். 1964இல் தொடங்கப்பட்ட பேட்டை இது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள்தான் பெரும்பாலும். பேருந்து நிறுத்தங்களுக்கெல்லாம் ஆலைகளின் பெயர்தான். டன்லப் என்று நடத்துநர் குரல் கொடுத்தால் இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள். டயர் ஆலைதான் ஓடவில்லை.

எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்த ஒரு தம்பி இப்போது ஆறு இயந்திரங்களை வைத்துச் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறார். “வாங்க அண்ணாச்சி” என்று கையைப் பருத்திக் கழிவில் துடைத்துக்கொண்டே வந்தார். கட்டிங் ஆயிலின் அந்த நெடி மூக்கில் ஏறியதும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போய்விட்டேன்.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது 2008 செப்டம்பர் 15 அன்று. அந்தப் பெயரை எங்கள் பட்டறையில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே செய்தித்தாள் ஷெட்யூல்தான். வரும் மாதம் எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்று வாடிக்கையாளர் நிறுவனம் அனுப்பும் ஒற்றைத் தாள் அது. நவம்பர் மாதத் தாளில் புஷ் என்ற சிறு பாகத்துக்கு நேரே 12,000 என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து 4,500 என்று எழுதியிருந்தார்கள். தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நான் தொலைபேசியில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டிசம்பருக்கு அதுவும் நிச்சயமில்லை சார்” என்றார்.

அடுத்து நடந்தவற்றின் வரிசையை இன்றும் என்னால் தேதியோடு சொல்ல முடியும். முதலில் போனது ஓடி, அதாவது மிகைநேர வேலை. மாதச் சம்பளத்தில் வாடகை, ஓடி பணத்தில் பள்ளிக்கூடக் கட்டணம் என்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பாதி வேலையிழப்பு. எந்தக் கணக்கிலும் அவர்கள் வேலையற்றவர்கள் இல்லை. இரண்டாவதாக இரவு ஷிப்ட் நின்றது. மூன்றாவதாக ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களில் ஒருவரைக்கூட யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. “நாளைக்கு வர வேண்டாம், சொல்லி அனுப்புறோம்” என்றார்கள், அவ்வளவுதான். சொல்லி அனுப்புகிறோம் என்ற அந்தச் சொற்றொடருக்குள் அடங்கிப்போன குடும்பங்களின் எண்ணிக்கையை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. ஏனென்றால் நீக்கினால்தானே கடிதம், கடிதம் இருந்தால்தானே இழப்பீடு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆளை நீக்காமல் தற்காலிகமாக வேலை கொடுக்காமல் நிறுத்திவைப்பதற்கு (லே-ஆஃப்) அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதியைத் தர வேண்டும் என்றது. அதுவும் 50 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கே பொருந்தியது. எங்கள் பட்டறையில் 34 பேர்.

நான்காவதாகப் பயிற்சிப் பையன்கள். ஐந்தாவதாக வாரத்துக்கு நான்கு நாள் வேலை. ஆறாவதாக, பொங்கல் கழிந்து, எங்களைப் போன்ற உட்கார்ந்து எழுதுகிறவர்கள்.

அந்தக் காலத்துக்கான மிக நேர்மையான ஆவணம் எது என்று கேட்டால், எதிர்ச் சந்தில் டீக்கடை வைத்திருந்தவரின் கோடு போட்ட நோட்டைத்தான் சொல்வேன். காலை பத்தரைக்கும் மாலை நான்குக்கும் கம்பி ஸ்டாண்டில் கண்ணாடி டம்ளர்களைக் கோத்துக்கொண்டு அவருடைய பையன் வருவான். கணக்கை நோட்டில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். ஜூனில் ஒரு வேளைக்கு 41 டீ. ஆளைவிட டீ அதிகம். டெம்போக்காரரும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவரும் குடிப்பார்கள். நவம்பரில் 29. டிசம்பரில் 18. ஜனவரி கடைசியில் 9. ஒருநாள் பையன் வரவில்லை, அவரே ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனை எங்கே என்று கேட்டேன். “ஊருக்கு அனுப்பிட்டேன் சார், சொல்லி அனுப்பினா வருவான்” என்றார். பட்டறையில் பிறந்த வாக்கியம் டீக்கடைக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பரவல் என்பது இதுதான். வரைபடத்தில் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதுபோல் அது போவதில்லை. கார் ஆலையிலிருந்து பெரிய வெண்டாருக்கு, அங்கிருந்து எங்களைப் போன்று கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு, எங்களிடமிருந்து ஹீட் ட்ரீட்மெண்ட் செய்பவருக்கும் முலாம் பூசுபவருக்கும், மரப்பெட்டி அடிப்பவருக்கும், டெம்போ ஓட்டுபவருக்கும், மெஸ் நடத்தும் அம்மாவுக்கும் என்று பில் போகும் பாதையில் திரும்பிப் போகிறது. பாதை நெடுகப் பணம் தாமதமாகிக்கொண்டும் வருகிறது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. 2009 தொடக்கத்தில் எங்களுக்கு வர வேண்டிய தொகையில் பாதி, 120 நாட்களைத் தாண்டி நின்றது. வேலை இல்லாமல் மூடிய பட்டறைகளைவிட, செய்த வேலைக்குப் பணம் வராமல் மூடியவை அதிகம் என்பது என் அனுபவம்; வேறு கருத்துள்ளவர்கள் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் அந்த 2008-09 நிதியாண்டில் நாட்டின் பொருளாதாரம் அப்போதைய கணக்குப்படி 6.7 சதவீதம் வளர்ந்தது. மந்தநிலை அமெரிக்காவுக்கு, இந்தியாவுக்கு வளர்ச்சி வேகக் குறைவு மட்டும். ஆனால் மத்திய அரசின் தொழிலாளர் பணியகம், 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில், தான் ஆய்வு செய்த ஒரு சில துறைகளில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வேலை இழந்ததாகக் கணக்கிட்டது. சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அதில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

“2019 அதைவிட மோசம் அண்ணாச்சி” என்றார் தம்பி. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாட்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அவர் இரண்டு இயந்திரங்களை மூடித் துணி போட்டிருக்கிறார். மறு ஆண்டு ஏப்ரலில் பெரிய கார் நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனை பூஜ்யம் என்றே அறிவித்தபோது, துணி எல்லா இயந்திரங்களுக்கும் வந்துவிட்டது.

இப்போது எப்படி என்று கேட்டேன். பதில் சொல்லாமல், பின்பக்கம் இரும்புச் சுருள் கொட்டும் டிரம்களைக் காட்டினார். நான்கில் ஒன்று நிரம்பியிருந்தது, ஒன்றில் பாதி இருந்தது. ஸ்க்ராப் வாங்குகிறவர் வாரம் ஒருமுறை வந்தவர், இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறாராம்.

மூன்றாம் நாள், புதன்: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்

பூந்தமல்லி தாண்டியதும் ஊர் மாறிவிடுகிறது. ஆலைகளை ஒட்டி, வரிசையாகக் கதவு வைத்த அறைகள். ஓர் அறைக்கு ஐந்து பேர், ஷிப்ட் மாற்றிப் படுப்பதால் ஏழு பேரும் உண்டு. அறைகளின் சொந்தக்காரர்கள் முன்பு இதே இடத்தில் நெல் நட்டவர்கள்.

அப்படி எட்டு அறைகள் கட்டிவிட்டிருக்கும் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அறை கட்ட வாங்கிய கடனுக்கு மாதத் தவணை 14,000 ரூபாயாம். “ஆலைல என்ன நடக்குதுன்னு பேப்பர் பாக்க வேணாம்பா, கொல்லைல காயற துணிய எண்ணினா போதும்” என்றார். கணக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு அந்த வாக்கியம் நெஞ்சில் இறங்கியது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது அவருடைய எட்டு அறைகளிலும் ஒடிசா, பீகார் பையன்கள் இருந்தார்கள். ஏப்ரல் முழுவதும் அரிசியும் பருப்பும் இவர் கொடுத்திருக்கிறார். வாடகை கேட்கவில்லை, கேட்டாலும் அவர்களிடம் இல்லை. மே மாதம் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஓர் அறையில் மட்டும் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துப்போய்விட்டார்கள், திரும்பி வருவோம் என்ற எண்ணத்தில். அந்தப் பூட்டை எட்டு மாதம் உடைக்காமல் வைத்திருந்தாராம். பிறகு வங்கித் தவணைக்காக உடைத்து, உள்ளே இருந்த பாய்களையும் ஒரு சின்னக் கிருஷ்ணர் படத்தையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, வேறு ஆட்களைக் குடி வைத்திருக்கிறார். படம் இப்போது அவருடைய பூஜையறையில் இருக்கிறது.

அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி, முதலில் வெளியான மதிப்பீட்டின்படி, முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியது. இந்திய நகரங்களில் வேலையின்மை ஏறத்தாழ 21 சதவீதத்துக்குப் போனதாக அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வே சொன்னது. மந்தநிலை என்ற சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்ற அளவுக்கு வீழ்ந்தது இந்தக் காலத்தில்தான்.

ஒரகடத்தில் அதிகம் நிற்கவில்லை. வெயில்.

நான்காம் நாள், வியாழன்: கிண்டி

வேலைவாய்ப்புத் துறையின் அலுவலகம் இருக்கும் பகுதிக்குத் திரு.வி.க. தொழிற்பேட்டை என்று பெயர். 1918 ஏப்ரலில், பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து, நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதை வளர்த்தவர்களுள் ஒருவர் திரு.வி.க. அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. வேலை கேட்டு வருகிறவர்கள் அவர் பெயரைத் தாங்கிய பேட்டை வழியாகத்தான் நடந்து வர வேண்டியிருக்கிறது.

நான் 1990களில் பதிவு செய்தபோது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசை தெருவரை நீளும். அட்டையைத் தொலைத்துவிட்டால் வீட்டில் அடி விழும். இப்போது பதிவு இணையத்தில். கூட்டம் இல்லை. வெளியே நின்றிருந்த இரண்டு இளைஞர்களும் வேலை கேட்டு வரவில்லை, பழைய பதிவு மூப்பு விட்டுப்போனதைச் சரிசெய்ய வந்திருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும்.

தமிழ்நாட்டில் 2006 முதல் வேலையற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பிறகு, மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 600 ரூபாயில் பாடியிலிருந்து கிண்டிக்கு எத்தனை முறை வந்து போகலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதை அத்தோடு விட்டேன். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கப்பட்டவருக்கு, வேலை போனால் சராசரிச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாட்களுக்குத் தரும் திட்டம் ஒன்று உண்டு. 2020 பெருந்தொற்றில்தான் அது கால் பங்கிலிருந்து பாதியாக்கப்பட்டது. அக்கா மகன் காட்டிய அந்த வரைபடக் காலத்து அமெரிக்காவில், வழக்கமான 26 வாரத்தை நீட்டி 99 வாரம் வரை உதவித்தொகை கொடுத்தார்கள்.

அந்த வரைபடம் அங்கே ஏன் கறுத்தது என்பது எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. அங்கே வேலை இழந்தவர் உதவித்தொகையை வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் இருக்க முடிகிறது. கணக்கெடுப்பவர் கேட்டால், இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல முடிகிறது. இங்கே வேலையில்லாமல் இருப்பதற்கே வசதி வேண்டும். வசதி இல்லாதவன் மூன்றாம் நாளே எதையாவது செய்கிறான். நம் தொழிலாளர் ஆய்வின் வார நிலைக் கணக்குப்படி, ஏழு நாட்களில் ஏதேனும் ஒருநாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். வீட்டு வயலிலோ அண்ணன் கடையிலோ கூலியின்றி உதவினாலும் அவர் வேலையில் இருப்பவர்தான்.

விளைவைப் பாருங்கள். அதே ஆய்வின் ஆண்டுக் கணக்கில், நகரம் கிராமம் இரண்டையும் சேர்த்து, ஒரு வாரத்தை அல்லாமல் ஓராண்டைப் பார்க்கும் வழக்கமான நிலையின்படி வேலையின்மை 2018-19இல் 5.8 சதவீதம். பெருந்தொற்றின் முதல் அடி விழுந்த 2019-20இல் 4.8. அடுத்த ஆண்டு 4.2. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. அதே மூன்று ஆண்டுகளில் விவசாயத்தில் இருப்போரின் பங்கு மட்டும் 42.5 சதவீதத்திலிருந்து 45.6 ஆகி, 46.5 ஆனது. நூறு நாள் வேலைக்கு 2020-21இல் வந்தவர்கள் நாடு முழுவதும் 11 கோடிக்கு மேல். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டைப் போட்டுவிட்டுப் போன பையன்கள் எங்கேயோ ஒரு நெல் வயலில் இறங்கி நின்றபோது, அவர்களின் வேலையின்மை முடிந்துவிட்டதாக எழுதப்பட்டது. ஆய்வு செய்தவர்கள் பொய் எழுதவில்லை. கேள்விக்குப் பொருத்தமான பதிலைத்தான் எழுதினார்கள். சுவரில் ஏறிய ஓதம் மண்ணுக்குள் இறங்கினால் படத்தில் எப்படித் தெரியும்?

இரவு இதையெல்லாம் மைத்துனரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் குறுக்கிட்டாள். பொறியியல் முடித்து ஒரு கணினி நிறுவனத்தின் பணியாணையைக் கையில் வைத்துக்கொண்டு, சேரும் தேதிக்காக ஒன்பது மாதமாகக் காத்திருக்கிறாள். “என்னை எதுல சேப்பீங்க மாமா? வேலை கெடச்சிருச்சு, ஆனா வேலை இல்ல.” அவளுடைய அம்மா, தட்டில் இன்னொரு தோசையைப் போட்டு அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

ஐந்தாம் நாள், வெள்ளி: கிளாம்பாக்கம்

திரும்பும் ரயிலுக்கு இடம் கிடைக்கவில்லை. மாலை கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு வந்து திருநெல்வேலி வழியாகப் போகும் தென்காசிப் பேருந்தில் ஏறினேன்.

எனக்குப் பக்கத்து இருக்கைக்கு இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் வந்தான். தோளில் ஒரு பை. கையில் ஒரு நீல நிற வாளி. வாளிக்குள் குக்கர், மடித்த போர்வை, அதற்கு மேல் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ ஒரு ஜோடி, ஷூவுக்குள் சுருட்டிவைத்த சார்ஜர். வாளியை இருக்கைக்கு அடியில் தள்ளப் பார்த்தான், நுழையவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டான்.

“எங்க வேலை தம்பி?”

ஒரகடம் பக்கம், கார் சீட்டுக்குச் சட்டம் வளைக்கும் இடம் என்றான். ஊர் கடையநல்லூர்ப் பக்கம். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் நெல் இருக்கிறதாம். லீவில் போவதாகச் சொன்னான்.

2009 பிப்ரவரியில் நானும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டுதான் போனேன், பச்சை நிறம். லீவு என்றுதான் நானும் சொன்னேன். வாசலில் என் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்த அம்மா, எத்தனை நாள் லீவு என்று கேட்கவில்லை. உள்ளே எடுத்துப்போய்த் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டாள்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். “எத்தன நாள் லீவு?”

செங்கல்பட்டுச் சுங்கச்சாவடி விளக்குகள் வரும்வரை அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லி அனுப்புறோம்னு சொல்லிருக்காங்க அண்ணாச்சி.”